வீட்டுப் பாசி வாடுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கண்ணாடி ஜாடியிலோ தட்டிலோ பாசி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பழுப்பாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கட்டுமா?" சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் பதில், வேண்டாம்.

பாசி என்று இங்கே சொல்வது சுவரிலும் பாறையிலும் மெத்தை மெத்தையாகப் படரும் மாஸ். குளத்துத் தண்ணீரைப் பச்சையாக்குவதை ஆல்கா என்றே எழுதுகிறேன். மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் முக்கியமாகப் பிடிமானத்துக்குத்தான். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். மேலே விழும் தண்ணீரை அப்படியே இலை உறிஞ்சிக்கொள்ளும். காற்று காய்ந்தால் அதுவும் காய்ந்துவிடும். காய்ந்த நிலையில் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கிடக்கும், சாகாது. நனைந்தால் மறுபடி மூச்சுவிடும், ஒளியில் உணவு தயாரிக்கும். ஈரத்தோடு சூடும் சேர்ந்தால்தான் சிக்கல். தயாரிப்பதைவிட மூச்சுக்குச் செலவழிப்பது அதிகமாகி, உள்ளே இருக்கும் சேமிப்பு கரையும். வெக்கையான இரவுகளில் இந்தச் செலவு இன்னும் கூடும். மலையில் மரமெல்லாம் பாசி போர்த்தியிருக்க, கீழே சமவெளியில் மழைக்காலச் சுவரோடு அது நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐப்பசியில் பச்சைக் கம்பளமாக இருக்கும் மொட்டைமாடிச் சுவர், சித்திரையில் கறுத்த பொருக்காகிக் கிடக்கும். முதல் மழையில் மீண்டும் பச்சை. அந்த உறக்கம் அதன் வாழ்க்கையில் ஒரு பகுதி. வீட்டுக்குள் கொண்டுவந்து அதை உறங்கவே விடாமல் நனைத்துக்கொண்டிருப்பதுதான் பாதிக் கோளாறுகளுக்கு மூலம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வரும் அறிகுறிகளைப் பாருங்கள்.

முதலில்: உயிர் இருக்கிறதா, இல்லையா?

எந்த வைத்தியமும் தொடங்குவதற்கு முன்பு இந்தச் சோதனை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, பாட்டில் மூடியில் வைத்து, மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ சில சொட்டு விடுங்கள். நகைக்கடையில் பயன்படுத்தும் சின்ன லென்ஸ் இருந்தால் நல்லது. போன் கேமராவைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். நம் ஊர்ச் சுவர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹையோஃபிலா இன்வொலூட்டா என்ற வகையில் இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். காய்ந்த இலைகள் இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு குழாய் போல நிற்கும். சொட்டு பட்டதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து, மேலிருந்து பார்த்தால் நட்சத்திரமாக விரியும்.

ஆனால் விரிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து உயிர் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். செத்த இலையும் தண்ணீர் குடித்தால் விரியும். பார்க்க வேண்டியது நிறம். ஒருநாள் ஈரத்தில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உயிருள்ள இலை வெளிச்சம் ஊடுருவும் தெளிந்த பச்சையாக இருக்கும். செத்தது மங்கிய பழுப்பாகவே கிடக்கும். சில சமயம் மூடித் தண்ணீரும் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறியிருக்கும். மேலே பழுப்பு, காம்பின் அடியில் பச்சை என்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் புதுத் துளிர் வர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம்.

ஜாடிக்குள் அல்லது தட்டில் வைத்த புதிதில் கொஞ்சம் பழுப்பாவது சகஜம். இடம் மாறிய அதிர்ச்சி அது. துளிர் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

பழுப்பாகி மொறுமொறுவென்று இருக்கிறது

இது வறட்சி. பார்க்கப் பயமாக இருந்தாலும் இருப்பதிலேயே லேசான கோளாறு. திறந்த தட்டில் வைத்திருந்தால் மேலே பாருங்கள்: சீலிங் ஃபேன் நேர் கீழே இருக்கிறதா? ஏசி காற்று அடிக்கும் வழியில் இருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலே காரணம் கிடைத்துவிட்டது. இடத்தை மாற்றுங்கள்.

பலரும் இங்கே செய்வது, ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் எடுத்து நாளுக்கு ஐந்தாறு முறை லேசாகப் புகைபோலத் தெளிப்பது. அக்கறையாகத்தான் செய்கிறார்கள், பாசிக்கு அது பட்டினி. ஒவ்வொரு முறை காய்ந்து நனையும்போதும் செல்களில் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யவே பாசி முதலில் சக்தியைச் செலவழிக்கும். அதற்குப் பிறகுதான் உணவு தயாரித்து லாபம் பார்க்கும். பத்து நிமிடத்தில் ஃபேன் காற்று அதை உலர்த்திவிட்டால் செலவு மட்டும் மிஞ்சும், வரவு இல்லை. இப்படியே போனால் நாளுக்கு நாள் மெலிந்து, நனைத்தாலும் பச்சை திரும்பாத நிலைக்கு வந்துவிடும்.

செய்ய வேண்டியது: காலையில் ஒரே முறை, மெத்தை முழுவதும் ஊறும்படி நனையுங்கள். தட்டை ஐந்து நிமிடம் சாய்த்து வைத்து, தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் சில மணி நேரமாவது ஈரம் நிற்கிற மாதிரி இடம் அமைந்தால் போதும். சாயங்காலம் மேலே உலர்ந்து போனால் போகட்டும். இரவில் சொட்டச் சொட்ட நனைத்து வைப்பதில் பயனில்லை. வெளிச்சம் இல்லாத நேரத்து ஈரம் வெறும் செலவு.

ஒரு வாரம் வெளியூர் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். சுவர்ப் பாசி என்றால் நிழலில் காயவிட்டுப் போகலாம்.

நடுவில் கறுத்துக் கொழகொழக்கிறது, நாற்றம் வருகிறது

நல்ல பாசி ஜாடியைத் திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் தண்ணீர் தேங்கி, காற்றில்லாத சேறாகிவிட்டது என்று அர்த்தம். மெத்தையின் நடுப்பகுதி கறுத்து, விரலால் அழுத்தினால் எழும்பாமல் குழைந்து போகும். கத்திரி வெயில் காலத்தில் மூடிய ஜாடியில் அதிகம் நடப்பது இதுதான்.

ஜாடியின் அடியில் கூழாங்கல் போட்டிருக்கிறேனே என்று சிலர் கேட்பார்கள். ஓட்டை இல்லாத பாத்திரத்தில் கல் அடுக்கு வடிகால் ஆகாது. அது ஒரு தொட்டி, அவ்வளவுதான். தண்ணீர் அந்தக் கல்லின் உயரத்தைத் தாண்டாத வரைக்கும்தான் அதனால் உபயோகம். மண்ணைத் தொட்டுவிட்டால் மண் மொத்தமும் உறிஞ்சிக்கொள்ளும்.

உடனே செய்ய வேண்டியவை: மூடியைத் திறங்கள். கறுத்த பகுதியைக் கத்தரிக்கோலால் பச்சை தெரியும் வரை வெட்டி எறியுங்கள். பாவம் பார்க்க வேண்டாம், அழுகல் பரவும். ஜாடியைச் சாய்த்து, சிரிஞ்சாலோ டிஷ்யூவைச் சுருட்டி விட்டோ அடித்தண்ணீரை எடுங்கள். இரண்டு நாள் திறந்தே கிடக்கட்டும். நாற்றம் போகவில்லை என்றால் மண்ணை முழுவதும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது இடம். வெயில் நேரே விழும் ஜன்னலில் மூடிய கண்ணாடி ஜாடி வைத்தால் உள்ளே சூடு வெளிக்காற்றைவிட வேகமாக ஏறும். காலை வெயில்தானே என்று விடாதீர்கள். மத்தியானம் ஜாடியைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தாலே பாசிக்கு அதிகம். சித்திரை, வைகாசியில் என் யோசனை, ஜாடி மூடியைப் பாதி திறந்து வைத்துத் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள் என்பதே. ஈரமாக வேகும் பாசியைவிடக் காய்ந்து உறங்கும் பாசி சூட்டை நன்றாகத் தாங்கும்.

கண்ணாடியில் நீர் கோத்திருப்பதை வைத்தே ஈரத்தை அளக்கலாம். காலையில் லேசாகப் பனித்து, பகலில் தெளிந்தால் சரி. நாள் முழுக்க உள்ளே இருப்பது தெரியாத அளவுக்கு நீர் வழிந்தால் அதிகம். சில மணி நேரம் திறந்து வையுங்கள். எப்போதுமே பனிக்கவில்லை என்றால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடலாம்.

நுனி வெளுத்திருக்கிறது, வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது

தண்ணீரில் உப்பு. மற்றச் செடிகள் வேர் வழியாகக் கொஞ்சம் வடிகட்டிக் குடிக்கும். பாசிக்கு அந்த வசதி கிடையாது. தெளித்த தண்ணீர் ஆவியாகும், உப்பு இலை மேலேயே தங்கும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு பூச்சு.

பொடியா பூஞ்சையா என்று சந்தேகம் வந்தால் தொட்டுப் பாருங்கள். உப்பு நறநறக்கும், பூஞ்சை விரல் பட்டதும் அமுங்கிக் காணாமல் போகும். ஜாடிக்குள் இருக்கும் கல்லிலும் அதே படிவு இருந்தால் கல்லை வெளியே எடுத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. பாசி மேலேயே வினிகர் விட்டுப் பார்க்க வேண்டாம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மனிதனுக்கு அது சரி. பாசிக்கு 100-க்குக் கீழே இருக்கட்டும் என்பது என் கணக்கு. வீட்டு ஆர்ஓ தண்ணீர் பொதுவாக இதற்குள் வரும். மழைத்தண்ணீர் எல்லாவற்றையும்விட நல்லது. மழை பிடித்ததும் முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு ஒரு கேன் பிடித்து வைத்தால் பல மாதம் வரும், பாசி குடிப்பது அவ்வளவு குறைவு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் உப்பு குறைவாக இருந்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு இரவு திறந்து வைத்து, குளோரின் போன பிறகு பயன்படுத்தலாம். போர் தண்ணீர் வேண்டாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் வேண்டவே வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லையே என்று ஒரு கேள்வி வரும். உப்பு இல்லைதான். ஆனால் அது தாமிரக் குழாய், அலுமினியத் தகடு, அவற்றில் ஒட்டிய தூசு, சர்வீஸ்காரர் அடித்த கெமிக்கல் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வருகிறது. தாமிரம் பாசிக்கு நஞ்சு. தாமிர உப்புகளைப் பாசி ஒழிப்பு மருந்தாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். செப்புக் குடத்தில் ஊறவைத்த தண்ணீரை 'ஆரோக்கியம்' என்று பாசிக்கும் ஊற்றுவது அதே கணக்கில் விஷப்பரீட்சை.

நல்ல தண்ணீர் ஊற்றியும் நுனி வெளுக்கிறது என்றால் அடியில் போட்ட தேங்காய் நார்த்தூளைச் சந்தேகப்படுங்கள். கட்டியாக விற்கும் கோகோபீட் சிலது சரியாகக் கழுவப்படாமல் உப்போடு வரும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். எண் இறங்கும் வரை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள்.

ஏற்கெனவே பொடி படிந்த பாசியை என்ன செய்வது? மழைத்தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, மெல்ல அலசி எடுத்து, இரண்டு மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. வெளுத்த நுனி மீண்டும் பச்சையாகாது; புதுத் துளிர் அதை மூடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சுண்ணாம்புப் பூச்சில், சிமெண்டில் வளர்ந்த சுவர்ப் பாசி ஓரளவு சுண்ணாம்பைத் தாங்கும். மலையிலிருந்து வந்தது பெரும்பாலும் தாங்காது. ஒரே தண்ணீரில் ஒன்று செழித்து மற்றொன்று வெளுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெள்ளைப் பஞ்சு போலப் படர்கிறது

புது ஜாடியில் முதல் சில வாரத்தில் சிலந்திவலை மாதிரி வந்தால் பதற வேண்டாம். மண்ணில் கிடக்கும் குச்சி, செத்த இலை இவற்றைத் தின்னும் பூஞ்சை அது. தீனி தீர்ந்தால் தானே அடங்கும். கண்ணுக்குத் தெரியும் குப்பையை இடுக்கியால் எடுத்துவிட்டு, தினமும் சற்று நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். மண்ணில் ஸ்பிரிங்டெயில் இருந்தால் அதிர்ஷ்டம். தொட்டால் துள்ளும், எறும்பைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் அவை. பூஞ்சையை மேய்ந்துவிடும், பாசியைத் தொந்தரவு செய்யாது.

பூஞ்சை மருந்து என்று காப்பர் ஆக்ஸிகுளோரைடு வாங்கி அடிக்காதீர்கள். பூஞ்சையோடு பாசியும் போய்விடும்.

பாசியை மோரோடு மிக்ஸியில் அடித்துப் பூசினால் படரும் என்று இணையத்தில் ஒரு யோசனை சுற்றுகிறது. நம் ஊர் வெக்கையில் அதில் முதலில் வளர்வது பூஞ்சை, கூடவே வருவது புளித்த நாற்றம். பாசிக்கு மோரில் ஒரு வேலையும் இல்லை. உதிர்த்த பாசியை வெறும் தண்ணீர் தெளித்த மண்ணில் தூவி லேசாக அழுத்தினாலே துண்டிலிருந்து துளிர்க்கும், மெதுவாக. பஞ்சகவ்யா, அமிர்தக்கரைசல், யூரியா என்று எதுவும் தேவையில்லை. உரம் பாசியைக் கருக்கும், ஆல்காவை வளர்க்கும்.

ஒல்லியாக நீண்டு சாய்கிறது, அல்லது வெளிறி மஞ்சளாகிறது

நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. பாசி நிழலில் வளரும் என்பதை இருட்டில் வளரும் என்று எடுத்துக்கொண்டு ஷோகேசுக்குள் வைத்துவிடுகிறார்கள். பகலில் விளக்கு போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடமாவது வேண்டும். அது இல்லையென்றால் சாதாரண வெள்ளை எல்இடி பல்பு, ஒன்று ஒன்றரை அடி உயரத்தில், நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம். நீண்ட தண்டு குட்டையாகாது. நுனியை வெட்டிவிடுங்கள், வெட்டியதை வெற்றிடத்தில் தூவலாம்.

மாறாக, மேற்பரப்பு மட்டும் வெளிறி, மெத்தையைப் பிளந்து பார்த்தால் உள்ளே நல்ல பச்சையாக இருந்தால் வெளிச்சம் அதிகம். ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். பிரையம் ஆர்ஜென்டியம் என்ற வகை மட்டும் இயல்பிலேயே வெள்ளிபோல மினுக்கும். நடைபாதை இடுக்குகளில் பார்த்திருப்பீர்கள். அதை நோய் என்று நினைத்து நிழலுக்கு மாற்றினால் அந்த மினுக்கம் போய்விடும்.

கரும்பச்சைப் படலம் வழவழக்கிறது

பாசி மேலேயே சளி போலப் படர்ந்து, விரலால் இழுத்தால் தோலாக உரிந்து வந்தால் அது நீலப்பச்சைப் பாக்டீரியா. பாசியை மூடி மூச்சடைக்கும். உரித்து எடுங்கள், ஈரத்தைக் குறையுங்கள், ஒருமுறை மேற்பரப்பை முழுக்கக் காயவிடுங்கள். மீண்டும் வந்தால் உரமோ அழுக்குத் தண்ணீரோ எங்கிருந்தோ கிடைக்கிறது என்று தேடுங்கள். கண்ணாடியில் மட்டும் ஒட்டும் பச்சை, ஆல்கா, துடைத்தால் போயிற்று.

சின்னக் கறுப்பு ஈ, நத்தைக்குஞ்சு

ஈ பறந்தால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். புழு ஈரமண்ணில் வளரும். மேல்மண்ணைக் காயவிட்டு, பக்கத்தில் மஞ்சள் ஒட்டுஅட்டை ஒன்று வைத்தால் குறைந்துவிடும். பாசி வட்ட வட்டமாகக் காணாமல் போனால் இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரிலிருந்து கூடவே வந்த நத்தைக்குஞ்சாக இருக்கும். கையால் எடுப்பதுதான் மருந்து.

பாய் மாதிரி பெயர்ந்து வருகிறது

அடியில் காற்று இடைவெளி இருக்கிறது. மண் மேடுபள்ளமாக இருந்தாலோ, பாசியின் அடியில் பழைய சிமெண்ட் பொருக்கு ஒட்டியிருந்தாலோ இப்படி ஆகும். பொருக்கைச் சுரண்டி, மண்ணைத் தட்டிச் சமன்செய்து, ஈரமாக்கி, பாசியை உள்ளங்கையால் அழுத்துங்கள். கல்லில் ஒட்ட வேண்டுமென்றால் பருத்தி நூலால் சுற்றிக் கட்டுங்கள். நூல் மக்கும் நேரத்துக்குள் பிடித்துக்கொள்ளும். தினமும் தூக்கிப் பார்த்தால் என்றைக்கும் பிடிக்காது.

தெளித்தால் பச்சைத் தண்ணீர் வழிகிறது

வாங்கியது உயிருள்ள பாசியே இல்லை. கிளிசரின் ஏற்றிச் சாயம் போட்ட அலங்காரப் பாசி அது. சுவர்ப் பேனலுக்கென்று விற்பார்கள். அதற்குத் தண்ணீர் ஆகாது, வளரவும் வளராது. ரெய்ண்டீர் மாஸ் என்று விற்பது லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். ஸ்பானிஷ் மாஸ் அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் செடி. இவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

நூல் போன்ற காம்பும் நுனியில் குடுவையும்

நோய் இல்லை. பாசி வித்துப்பை விட்டிருக்கிறது. பள்ளித் தாவரவியலில் ஃபியூனேரியா படம் வரைந்தவர்களுக்கு ஞாபகம் வரும். வெட்ட வேண்டாம்.

எதுவும் சரிவரவில்லை, புதிதாகத் தொடங்க வேண்டும்

எந்தப் பாசி என்பதிலேயே பாதி வெற்றி. ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ கவரில் போட்டுக் கொண்டுவந்தது சென்னை வெக்கையில் பெரும்பாலும் நிற்காது. அது தவிர, இந்திய வனச் சட்டம், 1927 காட்டிலிருந்து வரும் வனப்பொருள் எவை என்று வரையறுக்கும்போது பாசியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. காப்புக்காட்டில் கை வைக்காதீர்கள்.

மூடிய ஜாடிக்கு ஜாவா மாஸ் நல்ல தேர்வு. சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். தண்ணீருக்குள் வளர்ந்ததால் வெளியே எடுத்ததும் கொஞ்சம் பழுப்பாகும். ஜாடியை மூடியே வைத்து ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் புது இலை விடும். இதைச் சுவர்ப் பாசி மாதிரி காயவிடக் கூடாது.

திறந்த தட்டுக்கு உங்கள் வீட்டு மதில் அல்லது மொட்டைமாடிப் பாசியே போதும். வடகிழக்கு மழை பிடித்த பிறகு, ஈரமாக இருக்கும்போது, பெயிண்டர் பயன்படுத்தும் பட்டிக் கத்தியை அடியில் செருகி உள்ளங்கை அளவுக்கு மட்டும் எடுங்கள். வெள்ளையடித்த, மருந்தடித்த சுவர் வேண்டாம். எடுத்ததை மழைத்தண்ணீரில் அரை மணி நேரம் முக்கிவைத்தால் நத்தையும் மரவட்டையும் வெளியே வந்துவிடும். ஒரு வாரம் பால்கனி நிழலில் திறந்த தட்டில் இருக்கட்டும். அதற்குப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.